செம்மண் தரையில் ஒரு மாதம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பேசிய பேச்சைப் படித்துவிட்டு, இவளெல்லாம் ஒரு டீச்சரா என்று யாரும் திடுக்கிட வேண்டாம். ஆமாம், இவளும் ஒரு டீச்சர்தான்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திண்டுக்கல்லில் இருந்த ஒரு மாதர் சங்கத்துக்கு ஒரு யோசனை உதித்தது. டவுனில் வசதியுள்ள வீட்டுப் பெண்கள் மட்டும்தான் பரதம் கற்கிறார்கள், கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் படிக்கிற பிள்ளைகளுக்கு அது கண்ணால் காணவும் கிடைப்பதில்லை. அதனால் ஒரு டீச்சரை ஊர் ஊராக அனுப்புவது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் தங்கிச் சொல்லிக் கொடுப்பது. கடைசி நாளில் ஊர்க்காரர்கள் முன்னால் பிள்ளைகள் ஆடிக் காட்டுவது. மதுரைக்குப் போய் ஏழு வருஷம் ஆடக் கற்றுக்கொண்டு, மேடையும் கிடைக்காமல் மாப்பிள்ளையும் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டார்கள். ஆட்டம் கற்றதால்தான் மாப்பிள்ளை வரவில்லை என்று என் சித்தப்பா வீட்டுக்கு வரும்போதெல்லாம் சொல்வார்.  அம்மா தகரப் பெட்டியில் நாலு சேலையை மடித்து வைத்து, மேலே என் சலங்கையைத் துண்டில் சுற்றி வைத்தாள்.

பெட்டியோடு, தாளம் போடுவதற்கு ஒரு மரக்கட்டையும் ஒரு குச்சியும். கட்டை தட்டுமனை, குச்சி தட்டுக்கழி. கனத்த கட்டை அது. அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால் கண்டக்டர், "ஏன் டீச்சர், ஊருக்கு ஊரு கட்டையத் தூக்கிட்டுப் போறீங்களே, அங்கிட்டு வெறகு கெடைக்காதாக்கும்?" என்பார். பஸ்ஸே சிரிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதல் மாதம் அகரத்தில். அங்கே பிள்ளைகள் விடியுமுன் மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறித்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் வருவார்கள். நான் பூப்பறிக்கிற அபிநயம் சொல்லிக் கொடுத்தேன். விரல்களைக் குவித்து, கண்ணை ஓட்டி, ஒயிலாக ஒரு பூவைக் கிள்ளிக் காட்டினேன். வகுப்பே வாயைப் பொத்திக்கொண்டது. "என்ன சிரிப்பு?" என்று அதட்டினேன். ஒருத்தி எழுந்து, "இப்படிப் பறிச்சா மொட்டு நசுங்கிரும் டீச்சர். நீங்க ஒண்ணு பறிக்கிறதுக்குள்ள நாங்க ஒரு செடிய முடிச்சிருவோம்" என்றாள். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது நினைத்தால் வருகிறது.

இரண்டாவது மாதம் சித்தையன்கோட்டையில். ராவுத்தர் வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, "பேத்தி ஆடட்டும்மா, நல்லா ஆடட்டும். சலங்கை மட்டும் வேணாம், என்ன?" என்று தணிவாகக் கேட்டுக்கொண்டார். சரி என்றேன். அவரே தினமும் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடிகிற வரை வெளியே குடையோடு நிற்பார். இந்த இரண்டு ஊர்களிலும் எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளைகள் ஆடினார்கள், ஊர் கைதட்டியது, எனக்கு மாலை போட்டார்கள். கிராமத்துக்குக் கலையைக் கொண்டுபோகிறவள் நான் என்ற நினைப்பு என் தலையில் நன்றாக ஏறிக்கொண்டது.

மூன்றாவது ஊர் வேடசந்தூரில் இறங்கி மூன்று மைல் நடக்க வேண்டிய ஊர். புகையிலையும் சோளமும் விளைகிற வறண்ட மண். கார்த்திகை மாதம், ஆனாலும் மழை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது, அவ்வளவுதான். தலைமை ஆசிரியர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூள். எனக்குத் தங்க இடம் அவர் வீட்டிலேயே கொடுத்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஓடு போட்ட கூடம் ஒன்று கட்டியிருந்தார்கள். அதை ஆட்ட வகுப்புக்கென்று திறந்துவிட்டார்.

"செம்மண்ணும் சரளையும் சுண்ணாம்பும் போட்ட தரை டீச்சர். போட்டு ரெண்டு நாள்தான் ஆகுது. பிள்ளைங்களுக்குக் கால் நோகாது."

தினமும் காலையில் நான் போகுமுன் அவரே குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து தரை முழுக்கத் தெளித்து வைத்திருப்பார். "எதுக்கு சார் நீங்க?" என்று கேட்டால், "தூசி கெளம்பக் கூடாதுல்ல" என்பார். தலைமை ஆசிரியர் ஒருவர், தன் கையால், என் வகுப்புக்காக! நான் நெகிழ்ந்துபோய் அம்மாவுக்குக் கடிதமே எழுதினேன்.

முப்பது பிள்ளைகள். வரிசைக்கு ஆறு பேர், ஐந்து வரிசை. நான் தெற்குச் சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கட்டையைத் தட்டுவேன். பிள்ளைகள் என்னைப் பார்த்து நிற்பார்கள். பரதத்தில் முதல் பாடம் தட்டடவு. முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, நின்ற இடத்திலேயே இரண்டு காலாலும் மாறி மாறித் தரையைத் தட்டுவது. தெய்யா தெய், தெய்யா தெய். ஒரு மாதத்தில் பாதி நாள் இதிலேயே போய்விடும். பாதம் முழுசாகத் தரையில் விழ வேண்டும், சத்தம் ஒன்றாகக் கேட்க வேண்டும், அதுதான் கணக்கு.

ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். பதினோரு வயது, கறுப்பு, நறுக்கென்று வெட்டிவிட்ட முடி. அவள் இடது பாதம் சரியாக விழவில்லை. குனிந்து பார்த்தேன். பெருவிரல் உள்பக்கம் மடங்கி, நகமே இல்லாமல் சப்பையாக இருந்தது. "என்னடி இது?" என்றேன். "சின்னப் பிள்ளையில அடிபட்டது டீச்சர்" என்றாள். கடைசி வரிசையில் போட்டேன். அப்படித்தான் செய்தேன், மறைக்க என்ன இருக்கிறது? பார்க்கிறவர்கள் கண்ணில் முதலில் அந்தக் கால் படக் கூடாது என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்து ஒரு சோதனைக்காகக் கட்டை தட்டுவதை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைத் தாமாகவே ஆடச் சொன்னேன். இரண்டு நிமிடத்தில் எல்லாம் சிதறிப்போயிற்று. ஆளுக்கு ஒரு தாளம். பின்வரிசையிலிருந்து மட்டும் ஒரு சத்தம், தப்பாமல், அவசரப்படாமல் விழுந்துகொண்டே இருந்தது. அவள்தான். நான் நிறுத்தச் சொல்லும்வரை அவள் நிறுத்தவில்லை, வேகமும் கூடவில்லை, குறையவும் இல்லை. ஏழு வருஷம் கற்ற எனக்கு வராத நிதானம் அது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அன்றைக்கே முன்வரிசையில் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன். மற்ற பிள்ளைகள் அவள் காலைக் கேட்டு ஆடத் தொடங்கினார்கள். வகுப்பு ஒன்றுசேர்ந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள், முழங்கால் வரை செம்மண். தோளில் சும்மாட்டுத் துணி. செத்த நேரம் ஆட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, குனிந்து, கட்டை விரலால் தரையை அழுத்திப் பார்த்தாள்.

"இந்தப் பிள்ளைகள எதுக்கு மிதிக்க விட்டிருக்கீக?"

"மிதிக்கலம்மா, ஆடுறாங்க" என்றேன்.

"தண்ணி தெளிச்சது யாரு?"

"தலைமை ஆசிரியர். தூசிக்கு."

"தூசிக்கா!" அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "தூசிக்குத் தெளிச்சா மேலாப்புல நனையும். இது அடி மண்ணு வரைக்கும் எறங்குன தண்ணி. தரை இறுகுறதுக்கு ஊத்துறது. நானும் இன்னும் மூணு பேரும் இந்தத் தரையத் தட்டித் தாரோம்னு கேட்டதுக்கு, வேணாம், வேற ஏற்பாடு இருக்குன்னாரு உங்க வாத்தியாரு. இதுதானா அந்த ஏற்பாடு?"

முன்வரிசையில் நடுவில் நின்ற பெண், "அம்மா, போம்மா" என்று முணுமுணுத்தாள். வந்தவள் அவளுடைய அம்மா என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கட்டட வேலை நடக்கிற இடங்களில் திமிசுக்கட்டை பிடித்து மண்தரை தட்டுகிறவள் என்பதும். கனத்த மரக்கட்டையில் நீளக் கைப்பிடி வைத்தது திமிசு. அதைத் தூக்கித் தூக்கிப் போட்டால்தான் மண்தரை கல்லாக இறுகும். அதுதான் அவளுக்குச் சோறு. இதெல்லாம் புரிந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஏம்மா, பரதம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? தெரியாட்டி வாய மூடிக்கிட்டுப் போ. தரை மிதிக்கிறதும் இதுவும் ஒண்ணா? மண்ணத் தவிர வாழ்க்கையில வேற எதையாவது பாத்திருக்கியா நீ?"

முப்பது பிள்ளைகள் முன்னால் சொன்னேன். அவள் மகளின் முன்னால் சொன்னேன்.

அவள் என்னை விட்டுத் திரும்பினாள். மகளைப் பார்த்து, "வாடி" என்றாள். "எழுதப் படிக்கத்தான் ஒன்ன இங்க அனுப்புனேன். மிதிக்கிறதுதான் படிப்புன்னா எங்கூட வந்து மிதி, கூலியாச்சும் கெடைக்கும். தை பொறக்கட்டும், மண்ணு சொமக்க வா. அதுவரைக்கும் ஆடுகள மேயி." அந்தப் பெண் அழவில்லை. சிலேட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் போய்விட்டாள்.

சாயங்காலம் தலைமை ஆசிரியர் சாப்பிட உட்கார்ந்ததும் நேராகக் கேட்டேன். அந்த மனுஷர் பொய் சொல்லவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மேலிடத்துல கூரைக்குப் பணம் குடுத்தாங்க டீச்சர். மண்ணு சுண்ணாம்பு வாங்கவும் குடுத்தாங்க. தரை தட்டக் கேட்டா கைய விரிச்சுட்டாங்க. பிள்ளைங்க பொழுதன்னைக்கும் புழுதியில உக்காந்து இருமுதுங்க. அப்பத்தான் உங்க சங்கத்துக் கடுதாசி வந்துச்சு. முப்பது பிள்ளைங்க, ஒரு மாசம், காலால தரையத் தட்டுவாங்கன்னு எழுதியிருந்துச்சு. படிச்சதும் எனக்குச் சாமியே அனுப்பி வச்ச மாதிரி இருந்துச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்!"

"சொன்னா வந்திருப்பீங்களா?"

நான் கத்தினேன். அவர் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே அவரைப் பார்த்துக் கத்தினேன். ஏமாத்துக்காரர் என்றேன், பிள்ளைகளின் காலை விற்றுவிட்டீர்கள் என்றேன், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவர் மனைவி மெதுவாகத் தட்டைத் திரும்ப என் பக்கம் நகர்த்தி, "கோவம் அவரு மேலதான டீச்சர், வெஞ்சனம் என்ன பாவம் பண்ணுச்சு? சாப்பிட்டுட்டு வந்து மிச்சத்தத் திட்டுங்க. நானும் கூடத் திட்டுறேன்" என்றார். அதற்கு மேல் எப்படிக் கோபப்படுவது? உட்கார்ந்து சாப்பிட்டேன்.  தலைமை ஆசிரியரை மன்னிப்பது எனக்கு ஒன்றும் சிரமமாக இல்லை. நான் காலையில் பேசியதுதான் குத்திக்கொண்டிருந்தது.

மறுநாள் வேடசந்தூர் சாலையில் புகையிலை மூட்டை அடுக்கக் கிட்டங்கி ஒன்று கட்டுகிற இடத்துக்குப் போனேன். நான்கு பெண்கள் வரிசையாக நின்று திமிசு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முதல் ஆள். ஒரு சொல்லை இழுத்துப் பாடுவாள், மற்ற மூவரும் வாங்கிக்கொள்வார்கள், நாலு கட்டையும் ஒரே சத்தமாக விழும். என் பழக்கம், என்னை அறியாமல் எண்ணத் தொடங்கிவிட்டேன். ஒரு மாத்திரைகூடப் பிசகவில்லை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு நான் தாளம் சொல்லிக் கொடுத்தேனாம். என் காதே சூடாயிற்று.

"அக்கா" என்றேன். "நேத்து நான் பேசுனது தப்பு. தண்ணி தெளிச்ச விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது."

அவள் கட்டையை நிறுத்தவில்லை. "தெரியாதுன்னு அப்பவே தெரிஞ்சுக்கிட்டேன். தெரிஞ்சவ அம்புட்டு வாய் பேச மாட்டா."

"ஆட்டத்துக்கு அனுப்பாட்டியும் பள்ளிக்கூடத்துக்காவது அனுப்புங்க. அஞ்சாப்பு முடிக்க இன்னும் நாலஞ்சு மாசம்தான்."

அவள் கட்டையைச் சாய்த்து நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவ எடது காலு வெரலப் பாத்தீகளா? அது நான் போட்டது. இந்தக் கட்டைதான். மூணு வயசு. தட்டிக்கிட்டே வாரேன், பக்கத்துல வந்து நின்னுருக்கா, நான் பாக்கல. அன்னைக்குச் சொன்னேன் டீச்சரம்மா, இவ காலு இனிமே மண்ணு வேலைக்கு வரக் கூடாது, இவ படிக்கணும்னு. அங்க போயும் என்னத்தப் பண்றா? மண்ணத்தான மிதிக்கிறா."

"அது வேலை இல்லக்கா. ஆட்டம்."

"ஆட்டமோ வேலையோ, மண்ணுக்குத் தெரியுமா? காலுக்குத் தெரியுமா?"

 ஏழு வருஷத்தில் என் வாத்தியார் சொல்லிக் கொடுத்த எதிலும் அதற்குப் பதில் இல்லை. "பாப்போம்" என்றுவிட்டு அவள் கட்டையை எடுத்தாள். எங்கள் பக்கத்தில் பாப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம்.

வகுப்பை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும் என்று துள்ளினேன். வேறு இடம் எங்கே இருக்கிறது? வெளியே எல்லாம் நெருஞ்சியும் வெயிலும். தண்ணீர் மட்டும் தெளிக்கக் கூடாது என்று தலைமை ஆசிரியருக்குத் தடை போட்டேன். அவர் தலையாட்டினார். முன்வரிசையில் நடு இடத்தைக் காலியாகவே விட்டேன்.

இரண்டு நாள் தாளம் தள்ளாடியது. பிள்ளைகள் அவள் காலைத் தேடினார்கள். மூன்றாம் நாள் திடீரென்று பிடித்துக்கொண்டது. முன்னைவிட நன்றாக. நான் போட்ட அதட்டலில்தான் சரியாகிவிட்டது என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். ஒரு விஷயம் மட்டும் எரிச்சலாக இருந்தது. பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்காமல் என் தோளுக்கு மேலாக எங்கோ பார்த்துக்கொண்டே ஆடினார்கள். ஒருநாள் சட்டென்று திரும்பிப் பார்த்தேன். சன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளாடு தலையை நீட்டி நின்றது. "இதுக்கு முன்னாடி ஆட்டுக்குட்டியையே பாத்ததில்லையா நீங்க?" என்று கத்தினேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்கள். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு இவ்வளவு சீக்கிரம் வெட்கம் வருகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி பிறந்து, கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. விருந்தாளிகள் உட்காருவதற்காகப் பெஞ்சுகளைக் கூடத்துக்குள் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார்கள். தலைமை ஆசிரியர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, "எப்படி, நல்லாத் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே பெஞ்சு ஒரு பக்கமாகச் சாய்ந்து, மனுஷர் தரையில் கிடந்தார். பிள்ளைகள் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தவித்தார்கள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம்தான் தரையைப் பார்த்தோம். ஒவ்வொரு பிள்ளையும் நின்ற இடத்தில் இரண்டு குழி. வரிசை வரிசையாக, பல்லாங்குழிப் பலகை மாதிரி. ஈரமாக இருந்தபோது அமுங்கி, காய்ந்த பிறகு பொடிந்து, நன்றாக ஆழமாகிவிட்டிருந்தது. குழிக்கு நடுவே இருந்த மண்ணோ யார் காலும் படாமல் மேடாகப் பொருமிக் கிடந்தது. நின்ற இடத்தில் தட்டுகிற ஆட்டத்தால் எப்படி ஒரு தரை முழுக்க இறுகும்? எனக்குத்தான் தெரியவில்லை, அவருக்காவது தெரிந்திருக்கக் கூடாதா?

"அவங்களக் கூப்பிடுங்க சார்" என்றேன். "ஆள் விட்டுக் கூப்பிடாதீங்க, நீங்களே போங்க. வேலைக்கு உண்டானதப் பேசிக் கூப்பிடுங்க." அவர் மறுபேச்சுப் பேசாமல் குடையை எடுத்துக்கொண்டு போனார். தன் சம்பளத்திலிருந்துதான் கொடுத்தார் என்று பிற்பாடு அவர் மனைவி சொன்னார்.

மறுநாள் அவள் மூன்று பெண்களோடு வந்தாள். என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. தட்டுவதற்கு முன்னால் குழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன். ஒரு இடத்தில் நின்று, "இங்கன நின்ன பிள்ளை ஏமாத்துக்காரி. எடது கால ஒப்புக்கு வச்சிருக்கா" என்றாள். உண்மை. அவள் சொன்னது பண்ணையார் வீட்டுப் பிள்ளையை. "இவ பயந்தவ. முன் பாதத்துலயே நின்னுருக்கா." அதுவும் உண்மை. "இவ நல்ல பிள்ளை, ஆனா பசியோட வாரவ. மொதல்ல பதிஞ்சது ஆழம், பின்னால பதிஞ்சது பூஞ்சை."  ஒரு மாதம் நேருக்கு நேர் பார்த்த எனக்குத் தெரியாததை அவள் மண்ணைப் பார்த்துச் சொன்னாள். முன்வரிசை நடுவுக்கு வந்ததும் நின்றாள். அங்கே குழி ஆழமில்லை.

"பன்னெண்டு நாள்தான ஆடுனா" என்றேன்.

அவள் கூடையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குழிகளை நிரப்பி மேவுவதற்கு மண் வேண்டும். தரை போட்டதில் மிஞ்சிய செம்மண்ணைத் தெற்குச் சன்னலுக்கு வெளியே, பிள்ளைகள் சிலேட்டுக் கழுவுகிற இடத்தில் பரப்பிப் போட்டிருந்தார்கள். கூடையோடு போனவள் நெடுநேரம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன்.

கூடையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால், சன்னலுக்கு நேர் எதிரே, மண்ணில் இரண்டு குழி. உள்ளே இருந்த எல்லாக் குழிகளையும்விட ஆழம். இடது பக்கக் குழியில் பெருவிரல் பதிய வேண்டிய இடம் மொண்ணையாக, உள்ளே திரும்பி இருந்தது.

அவள் அந்த இடத்தை ஒரு விரலால் தடவினாள். எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. மூன்றாம் நாள் திடீரென்று சேர்ந்த தாளம். என் தோளுக்கு மேலே போன அத்தனை பார்வை. என் அதட்டலாவது ஒன்றாவது! என் முதுகுக்குப் பின்னால் நின்று வகுப்பை நடத்தியது அவள் மகள். பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும், ஒருத்திகூட வாயைத் திறக்கவில்லை.

வேலிக்கு அப்பால் ஆடுகளோடு அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். அம்மா குழியைக் கண்டுபிடித்துவிட்டதைப் பார்த்துவிட்டாள். ஓடவும் முடியாமல் வரவும் முடியாமல் நின்றாள். அம்மா கையை ஆட்டிக் கூப்பிட்டாள். கிட்டே வந்ததும் ஓங்கி ஒன்று வைக்கப் போகிறாள் என்று நான் நடுவே போக இருந்தேன்.

"தெனமுமா வந்த?"

"ம்."

"கால் வலிக்கலையா?"

"வலிச்சுச்சு."

"டீச்சர் வரச் சொன்னாகளா?"

"இல்ல. டீச்சருக்குத் தெரியாது."

"அப்ப யாருதாண்டி சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

அவள் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லாமல், கூலி இல்லாமல், வலிக்க வலிக்க ஒருத்தி மண்ணைத் தட்டியிருக்கிறாள். அவளுடைய அத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு ஆளை அவள் பார்த்திருக்க மாட்டாள். அந்தச் சப்பை விரலில் ஒட்டியிருந்த மண்ணைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். பிறகு கூடையில் மண்ணை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அந்த இரண்டு குழியைத் தொடாமல் சுற்றி அள்ளினாள்.

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வருவா" என்றாள் என்னிடம். "தைக்கும் வருவா. அஞ்சாப்ப முடிச்சிட்டு மேல படிக்க வேடசந்தூருக்குப் போவா."  உள்ளே போய்த் திமிசை எடுத்தாள். அன்றும் மறுநாளும் நான்கு பேரும் தட்டிய தட்டில் பள்ளிக்கூடத்து ஓடு அதிர்ந்தது. நான் என் கட்டையை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பிள்ளைகளை அந்தத் தாளத்துக்கே வாசலில் நிறுத்தி ஆடவிட்டேன்.

கடைசி நாள் ஊரே வந்திருந்தது. பெஞ்சுகள் ஆடாமல் நின்றன. தலைமை ஆசிரியர் முதலில் கையால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிள்ளைகள் வரிசையில் நிற்கிற நேரம் அவள் உள்ளே வந்தாள். தலைக்குக் குளித்து, வெளுத்த சேலை கட்டியிருந்தாள். மகளைக் கையைப் பிடித்து முன்வரிசையின் நடு இடத்துக்குக் கூட்டிவந்து நிறுத்தினாள். குதிகாலால் அந்த இடத்தை இரண்டு தரம் தட்டிப் பார்த்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"டீச்சரம்மா, இந்த எடத்துல மட்டும் கூட நாலு அடி போட்டிருக்கேன்" என்றாள். "இவ எம்புட்டு ஆடுனாலும் குழி விழாது."

நான் தட்டுக்கழியைக் கையில் எடுத்தேன். கண்ணீர் வந்து தொலைத்தது, கட்டையே தெரியவில்லை, முதல் அடியைத் தப்பாகத்தான் தட்டினேன். பிள்ளைகள் யாரும் என்னைக் கவனிக்கவில்லை. முன்வரிசையில் நடுவில் நின்றவளின் காலைக் கேட்டு ஆடத் தொடங்கியிருந்தார்கள்.